ஃபோகஸ் தப்பிய முகங்கள்

மங்கலான போட்டோவைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று வாசலில் பலகை மாட்டிவிட்டால், அப்புறம் ‘இவ்வளவுதாங்க வரும்’ என்று சொல்வதே பாதி வேலையாகிவிடும். ஸ்டுடியோவிலோ டி.டி.பி. சென்டரிலோ உட்கார்ந்து மவுஸ் தேய்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில், திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு அந்த வேலை. படத்தை ஸ்கேன் செய்து, சாஃப்ட்வேரில் ஏற்றி, ஓரங்களைக் கூர்மையாக்க வேண்டும். லேசான மங்கல் என்றால் போய்விடும். ஃபோகஸே இல்லாத முகம் என்றால் புள்ளிதான் ஜாஸ்தியாகும். இதைச் சொன்னால், “கம்ப்யூட்டர்ல எல்லாம் வரும்னாங்களே” என்று நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

டிரைவரும் காலண்டரும்

வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் ஜீப் ஓட்டி ஓய்வுபெற்றவர், தன் பிரிவு உபசார போட்டோவைக் கொண்டுவந்தார். சால்வை, மாலை எல்லாம் இருந்தது. முகம் மட்டும் பஞ்சு மாதிரி கலைந்திருந்தது. பின்சுவரில் தொங்கிய காலண்டரோ, கிழமை முதற்கொண்டு பளிச்சென்று படிக்கும்படி இருந்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் அவர் மீசையைத்தான் மீட்க முடிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படத்தைக் கையில் வாங்கிச் சிரித்துவிட்டார்: “முப்பது வருஷமா ஆபீசருங்களுக்குப் பின்னாலயே நின்னேன். ஒருநாள் முன்னால நின்னா, கேமரா பின்னால பாத்துட்டு இருக்குது பாருங்க!”

பெண் பார்க்கும் படம்

ஒரு அம்மா தன் மகள் படத்தைக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கண்ணு மூக்கு தெளிவாகத் தெரியட்டும் என்றார். கை ஆடி எடுத்த படம். “பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, புதுசாவே எடுத்துடலாம்” என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். காரணம் கூர்மையாக்கியதும் தெரிந்தது. இடது கன்னத்தில் ஒரு தீத்தழும்பு மேலே வந்தது. “அதை மட்டும் எடுத்துடுங்க” என்றார், குரலே எழும்பாமல். எடுத்துவிட்டேன். எனக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

மறுநாள் அந்தப் பெண்ணே கவரோடு வந்து நின்றாள். பெயர் செல்வி, டீச்சர் டிரெயினிங் முடித்தவள். “போன தடவை வந்தவங்க போட்டோவைப் பாத்துட்டு வந்தாங்கண்ணா. என்னைப் பாத்ததும் காபிகூட குடிக்காம எழுந்துட்டாங்க. இருக்கறதைப் போடுங்க” என்றாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, தழும்பு தெரியும்படி புதுப் படம் எடுத்துக் கொடுத்தோம். எட்டு மாசம் கழித்துப் பத்திரிகை வைக்க வந்தவளிடம், மாப்பிள்ளையோட படத்தை நீ பார்த்தாயா என்று கேட்டேன். “அவரு அனுப்பின படமும் மங்கல்தாண்ணா. நேர்ல வரச்சொல்லிப் பாத்துட்டுத்தான் சரின்னேன்.”

காணவில்லை

கன்னியம்மா, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோர்க்கடை வைத்திருந்தவர். அவருடைய தம்பி ஏழுமலைக்குப் பேச்சு வராது. கார்த்திகை தீபக் கூட்டத்தில் அவன் காணாமல் போய்விட்டான். நோட்டீஸ் அடிக்க ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதுவும் எடுத்தவர் கை நடுங்கி, ஆள் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. நான் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிசாக்கி, காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்திருந்தார். “மூஞ்சிய வுடுங்க சார். முழு ஆளா போடுங்க. அவன் நிக்கிற மாதிரி யாரும் நிக்க மாட்டாங்க” என்றார்.

இத்தனை நேர உழைப்பு வீணா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆனாலும் அவர் சொன்னபடியே போட்டுக் கொடுத்தேன். ஒரு தோளைத் தொங்கவிட்டு, வலது கையால் இடது காதைப் பிடித்தபடி நிற்கிற மங்கலான ஒரு உருவம். ஆறாம் நாள் கன்னியம்மா ஒரு தூக்கு நிறைய மோரோடு வந்தார். கூடவே ஏழுமலை. கடைக்குள் வந்ததும் தோளைத் தொங்கவிட்டான். கை தானாகக் காதுக்குப் போனது. செங்கம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைக்காரர் அடையாளம் கண்டாராம். “அவரு மூஞ்சியவே பாக்கலியாம் சார். ‘காதைப் புடிச்சிக்கினு நிக்கிறான், இவன்தான்’னு போன் போட்டுட்டாராம்.”

பாய் வீட்டுப் படம்

தையற்கடை பாய் எங்களுக்குப் பழக்கமானவர். மனைவி இறந்து ஒரு மாசத்துக்குப் பிறகு ஒரு நிக்காஹ் குரூப் போட்டோவோடு வந்தார். கேமராவைக் கண்டாலே உள்ளே போய்விடுவாராம் அந்த அம்மா. அன்றைக்கு மட்டும் தண்ணீர்ச் சொம்போடு ஓரத்தில் வந்து மாட்டிக்கொண்டிருந்தார். முகம் புளியங்கொட்டை அளவுதான், அதுவும் கலங்கல். “வேற படமே இல்ல தம்பி” என்றார் பாய்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். கூர்மையாக்கினேன், இமையும் உதடும் தெளியாத இடத்தில் நானே வரைந்தேன். கடைசியில் அழகான ஒரு முகம் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, திரையில் பக்கத்திலேயே திறந்திருந்த பழைய கலங்கல் முகத்தைப் பார்த்தார். கண் அங்கேயே நின்றுவிட்டது. தோளில் கிடந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “இதுல இருக்கறவங்க யாரோ, நல்லா இருக்காங்க தம்பி. ஊட்டுல மாட்டறதுக்கு எங்க ஆளைக் குடுங்க.”

ஊரார் முகங்களையெல்லாம் தெளிவாக்கப் போய், எட்டு வருஷ முடிவில் தெளிவாக எனக்குக் கிடைத்தது மூக்கின் மேல் ஒரு கண்ணாடிதான்.