படத்தில் மாலை போட்ட மாஸ்டர்

சிவகாசியில் ஒரு காலண்டர் கிடங்கில் பெண்பிள்ளைகளுக்கு ஜுஜுத்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். பட்டாசு வேலை முடிந்து பிள்ளைகளைக் கூப்பிட வரும் தாய்மார்கள் ஒருநாள் மடக்கினார்கள். "இத யாருகிட்ட படிச்சீக? எங்க புள்ளைகள இந்த உருட்டு உருட்டுறீகளே!"

கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் எரிச்சல். மதுரையில் என் மாஸ்டரிடம் வருடக்கணக்கில் விழுந்து எழுந்தவள் நான். தனியாக வகுப்பு எடுக்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், "பொறு, நானே சொல்றேன்" என்றே காலத்தை ஓட்டினார். எம்புட்டு நாள் பொறுப்பது? தனியாக ஆரம்பித்தேன். அதிலிருந்து மனுஷன் போனை எடுப்பதில்லை. அவர் வந்து, இவள் என் மாணவி என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் பிள்ளைகள் நிற்பார்கள். இல்லையென்றால் வகுப்பை மூட வேண்டியதுதான்.

ஒரு சிறிய விழா வைத்து, ஆள்விட்டு அவரை அழைத்தேன். எங்கள் குரு வரிசையைப் பெரிய படமாக அச்சடிக்கவும் கொடுத்தேன். முதலில், வாள் கைநழுவிய போர்வீரர்களுக்கு வெறுங்கையால் ஆளைச் சாய்க்கும் பிடிகளைச் சொல்லித்தந்த ஜப்பானியர். அடுத்து, அவர் வழியில் வந்து பினாங்கில் குடியேறிய ஒருவர். பிறகு, அங்கே சமையல் வேலைக்குப் போன இடத்தில் அவரிடம் கற்றுத் திரும்பிய மதுரைக்காரர். கடைசியாக என் மாஸ்டர். அவருக்குக் கீழே என் படத்தை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

விழா அன்று காலையில்தான் அச்சகத்துத் தம்பி படத்தைக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தேன். சாமி காலண்டரே போட்டுப் பழகியவன், ஜப்பானியரின் கொண்டையைப் பார்த்துவிட்டு நெற்றியில் விபூதி பூசியிருந்தான். அதுகூடப் போகட்டும். நான்கு பேருக்கும் சந்தன மாலை போட்டிருந்தான், உயிரோடு இருக்கும் என் மாஸ்டருக்கும் சேர்த்து!

"அடப்பாவி! அவரு இப்ப வந்துருவாருடா!"

"மத்தவுகளுக்கெல்லாம் மாலை இருக்குல்லக்கா. இவருக்கு மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

அதற்குள் மாஸ்டர் வாசலில் நின்றார். நேராகப் படத்திடம் போனார். தாய்மார்களும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, என்னைய அனுப்பி வச்சிட்டியா?"

"மாஸ்டர், அது வந்து..."

"சரி, நான் போயாச்சு. எனக்கு அடுத்தது யாரு? எங்க உன் படம்?"

அவர் தாய்மார்களைப் பார்த்து, "எங்கிட்டதான் படிச்சா. நம்பி விடுங்க" என்றார். பிறகு அந்தத் தம்பியிடம் திரும்பினார்.

"எனக்குக் கீழ இவ படத்தையும் போட்டுக் கொண்டாப்பா. இவளுக்கு மாலை வேணாம். இன்னும் எம்புட்டோ சொல்லிக்குடுக்க வேண்டியவ."