அறுபத்தெட்டு வயதுக் குடும்பப் பெயர்

இங்கிலாந்தில் இருக்கும் என் மேலாளரின் குடும்பப் பெயருக்குக் கூரை வேய்பவர் என்று பொருளாம். முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் யாரோ வைக்கோல் கூரை போட்டிருக்கிறார். தொழில் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் பல நூறு வருடமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. மதியக் கூட்டத்தில், கணினித் திரையில் இதைச் சொல்லிவிட்டு, "உங்களுடையது எவ்வளவு பழசு?" என்று என்னைக் கேட்டார்.

"அறுபத்தெட்டு வருடம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, அது அப்பாவின் வயது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டாம் என்று தருமபுரி பிரவுசிங் சென்டர்காரர் அப்பா பெயரை அடித்துவிட்டார். நிறுவனக் கணினியில் அதுவே முன்னால் வந்து நின்றது. அவர்களும் அதைச் சொல்லியே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நாளே திருத்தியிருக்கலாம். கூச்சம்.

எனக்குக் கடத்தூர் வீட்டிலிருந்தே வேலை. அப்பா இருந்தவரை பக்கத்து அறையிலிருந்து குரல் வரும். "என்னைய என்னாத்துக்குடா கூப்புடறான் வெள்ளக்காரன்? நாளைக்கு வரன்னு சொல்லு."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல உடம்பு முழுக்க இருந்தது. கூட்டத்தில் அவர்கள் சிரித்தபோது கோபம் வந்தது, அதுவும் பாதியிலேயே நின்றுவிட்டது.

அம்மாவைத்தான் பார்க்க முடியவில்லை. மடிக்கணினி அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர் அவர். ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்லுவார்.

என்னை என் பெயரால் கூப்பிடும்படி, அந்தக் கூட்டம் முடிந்ததுமே மேலாளருக்கு எழுதினேன். என் மகளுக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது என் பெயர்தான், அதனால் அப்பா பெயர் இத்தோடு முடிகிறது. முடியட்டும் என்றுதான் இருந்தது. அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன்.

"இனிமே அந்தப் பேரு காதுல வுழாதும்மா. மாத்தச் சொல்லிடறன்."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார்.

"வேணாண்டா" என்றார். "நான் சொல்ல மாட்டன், நீயும் சொல்ல மாட்ட. இந்த வூட்டுல அவரு பேரச் சொல்ல அவங்கதான் இருக்காங்க."