ஏழாம் எண் பலகை

கட்டாய ராணுவப் பயிற்சி முகாமின் பதிவேட்டில் அவர் நூற்றுப் பதினெட்டாம் எண். ஆள் ஒல்லி, தொழில் தையல். ஆகவே எல்லோருக்கும் அவர் ‘ஊசி’. வயது முப்பத்தொன்று. பதிவேட்டை எழுதியவன் நான்.

காலை நான்கு ஐம்பதுக்கு ஊதுகுழல் ஒலிக்கும். கம்பளியை நான்கு விரல் அகலத்துக்கு மடிக்க வேண்டும். ஊசியின் மடிப்பில் நூலிழை பிசகு இராது. பிறகு முள்வேலியை ஒட்டி ஓட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் சாலை. அவர் ஊருக்குப் போகும் பேருந்து ஆறு இருபதுக்கு அதைக் கடக்கும். அதைத் திரும்பிப் பார்ப்பார். பார்த்ததற்குத் தண்டனையாக இன்னொரு சுற்று ஓடுவார். ஒரு நாள் தவறியதில்லை.

சுடுதேர்வில் பத்துக் குண்டுகளில் ஆறு இலக்குப் பலகையில் பட்டால் தேர்ச்சி. அந்த வாரமே போர்முனை. மூன்று முறை தோற்றவரை முகாமிலேயே தையல் கூடத்துக்கோ சமையலறைக்கோ அனுப்பிவிடுவார்கள். ஊசி இரண்டு முறை தோற்றிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஐந்து மாதம்.

“இருட்டுல நூல் கோக்குற கண்ணு, ஆளுயரப் பலகை தெரியலையாம்!” என்று சார்ஜென்ட் அவர் காதருகே கத்துவார். “நீ வேணும்னே குறி தப்பவிட்டேன்னு தெரிஞ்சுது, ராணுவக் கோர்ட்டுதான் உனக்கு.”

“பலகை ஆடுதுங்க ஐயா.”

“பலகை ஆடல. உன் தொடைதான் ஆடுது.”

மூன்றாம் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை, தூறலில் நடந்தது. ஏழாம் இடத்தில் ஊசி படுத்தார். எட்டாம் இடத்தில் முன்னாள் பேருந்து கண்டக்டர் ஒருவர். அவருக்கு அது முதல் தேர்வு.

“எப்படிண்ணே சுடணும்?”

“டிக்கெட் கிழிக்கிற மாதிரி நிதானமா விடு தம்பி.”

ஊசி தன் பத்துக் குண்டுகளையும் பலகைக்குக் கீழே மண்மேட்டில் இறக்கினார். அங்கே குழியில் இருந்தவர்கள் துளைகளை எண்ணித் தொலைபேசியில் சொல்ல, பின்வரிசை மேசையில் நான் எழுதினேன். ஏழாம் பலகை, எட்டு. எட்டாம் பலகை, ஒன்றுமில்லை.

“முழிச்சிக்கிட்டான்யா!” என்று சார்ஜென்ட் ஊசியின் முதுகில் அறைந்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். ஊசி எழுந்திருக்கவில்லை.

கண்டக்டர் அவர் பக்கம் நகர்ந்தார். “அண்ணே, அவசரத்துல பலகை மாத்தி சுட்டுட்டேன். உங்களுதுல இருக்கிறது எல்லாம் என் குண்டு. போய்ச் சொல்லிடவா?”

“சொல்லு. அப்புறம் என் பத்துக் குண்டு எங்கன்னு கேப்பாங்க. மண்ணைத் தோண்டினா வரிசையா கிடைக்கும்.”

“அப்போ என்னண்ணே பண்றது?”

“வாயைத் தைச்சுக்கோ.”

மேசைக்கும் அவர்களுக்கும் இடையே நான்கடி தூரம். எனக்கு எல்லாம் கேட்டது. துளைகளின் எண்ணிக்கையை எழுதுவதுதான் என் வேலை; யார் குண்டு என்று எழுதக் கட்டம் கிடையாது. எழுதிய எட்டை நான் அடிக்கவில்லை.

ஊசி எழுந்து வந்தார். சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டுக் குனிந்தார்.

“கையெழுத்து எங்க சார் போடணும்?”

காட்டினேன். கட்டத்துக்குள் அடங்கப் போட்டார்.

சனிக்கிழமை ஆறு இருபதுக்கு, ஊசியையும் ஏற்றிக்கொண்டு, போர்முனைக்குப் போகும் லாரி முகாம் வாசலைத் தாண்டியது. எதிரே அவர் ஊர்ப் பேருந்து வந்தது. வளைவில் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று யாரும் அவரை ஓடச் சொல்லவில்லை.