சக்கரத்துக்கு வைத்த கல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை செல்வம் வந்தார். மலையகத்துப் பதுளையில் எங்கள் வீடு நல்ல ஏற்றத்தில் இருக்கிறது. ஆட்டோவை நிறுத்தியவர் இரண்டு கற்களை வெளியே எடுத்து, முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று வைத்தார். படியேறி வந்தவர் திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தார். வந்தார். மறுபடியும் போனார்.

“என்ன செல்வம், ஆட்டோ ஓடிப்போயிருமா?” என்றாள் என் மனைவி.

“பழக்கம்ங்கம்மா. ஆட்டோ ஸ்டாண்டுல என் பேரே ரெண்டு கல்லுதான்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அவர் வந்தது ஒரு வீடியோவைக் காட்ட. கனடாவில் இருக்கும் அவர் மகள் அனுப்பியது. உறைந்துபோன ஏரி. அந்தப் பெண்ணின் காலில் ஸ்கேட்ஸ், கையில் ஒரு பெரிய துணிச் சிறகு. அதைக் காற்றுக்குச் சற்றுச் சாய்க்கிறாள்... அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு போகிறாள். எஞ்சின் இல்லை, கயிறு இல்லை. பனியில் ஓட, ஐஸில் ஓட, சக்கரப் பலகையில் ஏறித் தரையில் ஓட – எல்லாவற்றுக்கும் இப்போது கடையிலேயே விற்கிறார்களாம்.

“பாத்தீங்களாய்யா? நம்ம கிரவுண்டுல நான் ஓட்டுனது! நான் படங்குல செஞ்சேன், வெள்ளக்காரன் நைலான்ல செஞ்சிருக்கான்.”

உண்மைதான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், நமுனுகுல பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் நான் பெரிய கிளாக்கர். செல்வத்துக்குத் தொழிற்சாலையில் மெஷின் வேலை. அன்று ‘அவன்’ என்பேன். இன்றுதான் ‘அவர்’.

கச்சான் காற்று பலமாக வீசும் மாதம். கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் பழைய படங்குத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, மூங்கிலில் இழுத்துக் கட்டி, ஆள் உயரச் சிறகு ஒன்று செய்திருந்தார். தேயிலை மூட்டை தள்ளும் பலகை வண்டியில் ஏறி நின்று சிறகைப் பிடித்தால், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடுவார். லயத்து வீடுகளின் ஜனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன் – முகத்தைச் சுளித்துக்கொண்டு.

“நீங்களும் ஏறுங்கய்யா. சிறகக் கட்டிறாதீங்க, கையில புடிங்க. காத்து மிஞ்சுனா விட்டுருங்க. அவ்வளவுதான்.”

“ஏன், எனக்கு வேற வேலை இல்லையா?” என்றேன்.

ஆசை இல்லாமலா? ஆனால் பெரிய கிளாக்கர் மூட்டை வண்டியில் ஏறுவதா? மறுநாள் காலை பெரட்டில் வேலைக்கு வரிசையாக நிற்கும் ஆட்களில் யார் என்னை மதிப்பார்கள்?

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மைதானத்தில் ஒருவரும் இல்லை. வண்டி நின்றது, சக்கரத்தடியில் கல். நான் கல்லை எடுத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். சிறகு பறந்துபோய்விடுமோ என்று பயந்து, அதை வண்டியின் கைப்பிடியோடு கட்டினேன். கையெழுத்து வாங்காமல் ஒரு பென்சிலைக்கூட ஆபீசை விட்டு அனுப்பாதவன் நான். ‘விட்டுருங்க’ என்றால் எப்படி விடுவேன்?

ஏறி நின்றேன். காற்று வந்தது. நான் விழுந்தேன். வண்டியும் சிறகும் சேர்ந்தே மைதானத்தின் விளிம்பைத் தாண்டிப் போய் ஓடையில் நொறுங்கின. முழங்கைக் காயத்துக்கு வீட்டில் ஒரு கதை சொன்னேன்.

வண்டி எப்படி ஓடைக்குப் போனது என்று மறுநாள் தோட்டத்துத் துரை கேட்டார்.

“கல் வைக்காம விட்டிருப்பான், சேர்” என்றேன்.

வேலை நீக்கக் கடிதத்தை டைப் செய்ததும் நானே. அதைக் கையில் வாங்கியபோது செல்வம் மெதுவாகச் சொன்னார்: “கல்லு வச்ச ஞாபகம்ங்கய்யா... வைக்கலயோ?”

நான் அடுத்த தாளை டைப்ரைட்டரில் செருகினேன்.

போன ஞாயிறு, வீடியோ முடிந்ததும் சொன்னேன்.

“செல்வம்... அன்னைக்கி நீ கல்லு வச்சிருந்தப்பா. எடுத்தது நான்தான்.”

முழுவதையும் சொன்னேன்.

“பாத்ரூம்ல விழுந்தேன்னுதானே சொன்னீங்க?” என்றாள் மனைவி.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. போன வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

“அப்ப... நான் கல்லு வச்சிருக்கேன்.”

“ஆமாப்பா.”

“அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டுனேனான்னு இன்னமும் மூணு தடவ போய்ப் பாப்பேங்கய்யா. என் வீட்டுக்காரி மந்திரிச்சுக் கயிறெல்லாம் கட்டிவிட்டா. என் கைய நானே நம்பல. அதுக்கப்புறம் ஒரு சிறகு செய்யத் தோணவே இல்ல.”

மன்னிப்புக் கேட்டேன்.

“சொல்லியிருக்கலாம்ங்கய்யா. அன்னைக்கி வேணாம். அடுத்த வருஷமாவது.”

தேநீரைத் தொடாமல் எழுந்தார்.

ஒரு மனிதரின் வேலையைப் பறித்துவிட்டோம் என்றுதான் இத்தனை காலம் வருந்தியிருந்தேன். எதைப் பறித்தேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. செய்த தவறைக்கூடச் சின்னதாக அளந்து வைத்துக்கொள்கிறோம், இல்லையா?

கேட்டருகே குனிந்து இரண்டு கற்களையும் எடுத்தார். கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மதில் ஓரமாகப் போட்டுவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

மனைவி அவற்றை அப்புறப்படுத்தச் சொல்கிறாள்... இருக்கட்டும், தினமும் என் கண்ணில் படட்டும்.