பக்கத்து நிரையில் இங்கிலீஷ்

நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது லீவு, டூட்டி, பேக்டரி. இன்னொன்றும் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து நிரைக்காரி.

தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு நிரை. செடி இடுக்கில் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே கொழுந்து எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அவள் என் வலது கைப்பக்கம். அவளுடைய அப்பா அம்மா சிலோனில் இருந்து வந்தவர்கள். என்னுடையவர்கள் கோயமுத்தூர்ப் பக்கம். பேச்சில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. கை வேகம் ஒன்றுதான்.

இரண்டாவது பிள்ளை பெற்று நான் வேலைக்கு வந்த முதல் வாரம், மேலே ஏறவே முடியவில்லை. அவள் தன் நிரையை முடித்துவிட்டு என் நிரையில் மேலிருந்து எடுத்துக்கொண்டே இறங்கி வந்தாள். பாதியில் இருவரும் எதிரெதிரே நின்றோம். "என்னா பாக்குற? எடு" என்றாள். அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை.

அவளுக்கு வலது முட்டி தேய்ந்துவிட்டது. ஏறும்போது சத்தம் கேட்கும். இன்னும் இரண்டு வருடம் இந்தச் சரிவில் ஏறினால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பத்தாவது வரை போனவள். மற்ற பாடமெல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் நின்றுபோயிருந்தது. அதையும் எழுதிவிட்டால் பால்வாடி வேலைக்கு மனுப் போடலாம். அங்கே ஏற வேண்டியதில்லை.

கைடில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடுப்பில் கட்டும் படங்குத் துணிக்குள் செருகிக்கொண்டு வருவாள். இங்கே மழை இல்லாவிட்டால் மஞ்சு மூட்டம். கவர் இல்லாமல் தாள் நிற்காது. இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும். அதனால் நிரையின் அடியில் நின்று ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். மேலே போய்ச் சேரும் வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவாள். பாதியில் மறந்துபோகும். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. "ம்" என்று மட்டும் சொல்வேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள்.

"கேளு புள்ள. ஏ பிளாக் அண்டு ஒயிட் கவ். எத்தன மாடு?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணு. கருப்பும் வெள்ளையுமா ஒரே மாடு. இப்ப கேளு. ஏ பிளாக் அண்டு ஏ ஒயிட் கவ். இது ரெண்டு. ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ள."

"ஒரு ஏ தான கூட வந்துச்சு?"

"அந்த ஏ-க்குப் பின்னாடி ஒரு மாடு நிக்குது."

அதற்கடுத்த நிரையில் ஒரு அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டு மாட்டையும் அதுக்குப் பின்னாடியே கட்டிப் போடு. தீவனம் மிச்சம்" என்றார்.

அன்றிலிருந்து காட்டில் பார்ப்பதையெல்லாம் அவள் இப்படிச் சொல்ல ஆரம்பித்தாள். மேஸ்திரி சிவப்பும் நீலமுமாக ஒரு ஸ்வெட்டர் போட்டிருப்பார். "ஏ ரெட் அண்டு புளூ ஸ்வெட்டர்" என்றாள். அவர் காதில் விழுந்துவிட்டது.

"அங்க என்ன என்னையப் பத்தி?"

"உங்க ஸ்வெட்டர் ஒண்ணுங்களா ரெண்டுங்களான்னு கேக்கறா" என்றேன்.

"ஒண்ணுதான். கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது" என்றார். அவர் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்து நிரையெல்லாம் சிரித்தது.

இன்னொரு நாள் மஞ்சு விலகியபோது பத்தடி மேலே காட்டுமாடு நின்றது. உடம்பு கருப்பு, முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. அது வந்தால் ஓடக்கூடாது. நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நின்றோம். அவள் உதடு மட்டும் அசைந்தது. "ஏ பிளாக் அண்டு ஒயிட்" என்றாள். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அது எங்களைப் பார்த்தது. ஒரு செடியை முகர்ந்தது. தானாகப் போய்விட்டது.

"சரியாத்தான் சொன்னேன். அதான் கேட்டுட்டுப் போயிருச்சு" என்றாள்.

தாள் வைத்துப் படித்து முதல் தடவை எழுதினாள். ஃபெயில். எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். "போனாப் போகுது, விடு" என்றேன். உள்ளே எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்து நிரையில் இன்னும் கொஞ்ச நாள் அவள் இருப்பாள். அதுதான் என் நினைப்பு. அதை மறைக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் லைன் வீட்டுப் படியில் அவள் எனக்கு முன்னால் ஏறினாள். மொத்தம் பத்தொன்பது படி. ஒவ்வொரு படிக்கும் அந்த முட்டிச் சத்தம். பாதியில் நின்று கையால் காலைத் தூக்கி வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் வருவது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் நிரைக்குப் போனதும் நானே கேட்டேன். "தாள் எங்க?"

"எதுக்கு? அதான் போச்சே."

"மறுபடி எழுது. அந்தா ஆடு. சொல்லு."

அதிலிருந்து நான் கை காட்டினேன், அவள் சொன்னாள். ஆடு, பஸ், பூ, துணி. எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

மறுபடி எழுத வேண்டிய நாள் கொழுந்து பொங்கும் சமயத்தில் வந்தது. மேஸ்திரி லீவு இல்லை என்றார்.

"எல்லாரும் பரிட்சைக்குப் போனா கொழுந்த யாரு எடுக்கறது? கொரங்கா?"

நான் அவரிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அவ நிரையும் நானே எடுத்தர்றனுங்க."

"ரெண்டு நிரையா?"

"ரெண்டுங்க."

"பாதியில உக்காந்தீன்னா?"

"உக்கார மாட்டனுங்க."

அவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "பஸ்ஸ உட்றாத" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் குன்னூருக்குப் பஸ் ஏறினாள். என் நிரையில் ஏறினேன். அவள் நிரையில் இறங்கினேன். மறுபடி ஏறினேன். மதியத்துக்கு மேல் விரல் மடங்கவில்லை. மாடு வைத்திருக்கும் அந்த அக்கா அவள் நிரைக்குள் மேலிருந்து இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். மேஸ்திரி பார்த்தார். வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பரிட்சை முடிந்து அவள் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

"அந்த ஏ வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு. மாடு இல்ல, குடை கேட்டிருந்தாங்க."

"எழுதினயா?"

"மேஸ்திரி ஸ்வெட்டர நெனச்சுக்கிட்டே எழுதினேன்."

பாஸ். மனுப் போட்டாள். வேலை இங்கே வரவில்லை, குந்தா பக்கம் வந்தது. சாமானை ஜீப்பில் ஏற்றினோம். போகும்போது பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தாள். "நீயும் எழுது" என்றாள். "உம் வேலையப் பாரு" என்றேன். ஜீப் திரும்பும் வரை நின்றேன். மறுநாள் டூட்டிக்குப் போனேன்.

பக்கத்து நிரைக்கு ஜார்க்கண்டில் இருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவள் பேச்சு தெரியாது. சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். வேலை நேரம் நீளமாகத் தெரிகிறது.

போன வாரம் அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக ஏறினாள். மேலே செடிக்குள் காட்டுமாடு. தாயும் கன்றும். கன்று இருந்தால் தாய் பொல்லாதது. தமிழில் கத்தினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஏறினாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏ பிக் அண்டு ஏ ஸ்மால்!"

அவள் நின்றாள். என் கை காட்டிய பக்கம் பார்த்தாள். அப்படியே அசையாமல் நின்றாள். அவை போகும் வரை இருவரும் நின்றோம். பிறகு அவள் இரண்டு விரலைக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு டீக்கு உட்கார்ந்தபோது குந்தாவுக்குப் போன் போட்டேன்.

"முட்டி எப்படி?"

"சத்தம் இல்ல. நீ எப்படி இருக்க?"

"இருக்கறேன். இன்னைக்கு காட்டுமாடு வந்துச்சு."

"ஒண்ணா, ரெண்டா?"

சொன்னேன், இங்கிலீஷில்தான். அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே அவள் சிரிப்பது கேட்டது. மேஸ்திரி விசில் ஊதினார். "வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஏறினேன்.