நான்கு விரல் கூடுதல்

மூன்று மீட்டர் கேட்டால் சதாசிவத்தின் கை மூன்று மீட்டரில் நிற்காது. அளவுகோலின் முனையில் துணியைப் பிடித்த கட்டைவிரல் தானாக வழுக்கி, நான்கு விரற்கடை தள்ளிப் போய்த்தான் நிற்கும். அப்புறம்தான் கத்தரிக்கோலை எடுப்பார். தங்காக் ஊரில் துணிக்கடைகளுக்கா பஞ்சம்? ஆனாலும் தொலைவிலுள்ள மெர்சிங்கிலிருந்துகூடத் தன்னைத் தேடி ஆள் வருவது இந்த நான்கு விரலுக்காகத்தான் என்பது அவர் எண்ணம். முதலாளி பைரோஸ் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்.

வயது அறுபத்து மூன்று. கால் வீங்குகிறதே என்று காட்டப் போன இடத்தில் இரத்தக் கொதிப்பும் பழுதான சிறுநீரகமும் சேர்ந்து அகப்பட்டன. டாக்டர் லோஷினி படம் போட்டு விளக்கினார். ஆஞ்சியோடென்சின் என்ற பெப்டைடு, அதாவது உடம்பிலேயே சுரக்கும் ஒரு குட்டிப் புரதம், சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் பிடித்துவைக்குமாம். நீர் மிகுந்து இதயம் விம்மினால், அதுவே இன்னொரு பெப்டைடை அனுப்பிக் குழாயைத் தளர்த்திச் சிறுநீரை இறக்கிவிடுமாம். புது மாத்திரை முதலாவதை அடக்கும்.

அன்று முதல் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாவாடை நாடாவை வைத்துப் பாடம் நடந்தது.

“ஒன்னு நாடாவ இழுக்குது, இன்னொன்னு லூஸ் பண்ணுது. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நம்ம கிட்னிலா.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்!

மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் பிடித்துத் தரச் சொன்னார்கள், காலை ஏழு முதல் மறுநாள் காலை ஏழு வரை. லாபிஸில் இருக்கும் அவருடைய அண்ணன் வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு கிடப்பவர். அந்தக் கட்டில் தனக்கும் வந்துவிடுமோ என்பதே சதாசிவத்தின் பயம். ஆகவே ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்துக் கடைக்கே தூக்கி வந்தார். தாகமெடுத்த வாடிக்கையாளர் ஒருவர் பெட்டியைத் திறக்கப் போக, சதாசிவம் பாய்ந்து அதன்மேல் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே புடவை காட்டினார்.

முடிவு பிரமாதமாக வந்தது. வாலிபனின் சிறுநீரகம்! டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனை மணிவரை பிடித்தீர்கள் என்று துருவியதில், மறுநாள் ஏழோடு நிறுத்தாமல் நடுப்பகல் வரை பிடித்தது தெரிந்தது.

“நாப்பது வருஷமா யாருக்கும் கரெக்டா அளந்து குடுத்ததில்ல டாக்டர். உங்களுக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ண மனசு வரல.”

“அலமாக், அங்கிள்! எக்ஸ்ட்ரா போட்டா கெட்டுப்போன கிட்னியும் நல்லாத்தான் தெரியும். நான் மருந்த தப்பா குடுத்துருவேன். அப்புறம் உங்க அண்ணன் பக்கத்துக் கட்டில்தான்.”

சதாசிவம் அங்கேயே இன்னொரு புட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுமுறை மனைவி செல்லம் கடிகாரத்தோடு காவல் நின்றார். ஏழு மணிக்குப் புட்டியைத் திருகி மூடினார் சதாசிவம். காப்பி குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. புட்டியை ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெறுங்கையோடு கழிப்பறைக்குப் போனார். கூட்டியே அளந்து கொடுக்கிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

இந்த முடிவு முதலாவதைப் போலப் பிரமாதமில்லை. ஆனாலும் மாத்திரை வேலை செய்கிறது, மெஷினுக்கு இப்போது அவசியமில்லை என்றார் டாக்டர். சதாசிவம் அங்கேயே அழுதுவிட்டார்.

நேராகக் கடைக்கு வந்தார். முதல் வாடிக்கை, ஜாக்கெட் துணி ஒரு மீட்டர். கட்டைவிரல் வழுக்கியது. நான்கு விரலைத் தாண்டியும் போனது. பைரோஸ் இருமினார். சதாசிவம் அவரை நிமிர்ந்து பார்க்காமல், நிதானமாக எட்டாவது விரற்கடையில் துணியை வெட்டினார்.