உள்ளூர் ஆக்களுக்கு அறை இல்லை

வெள்ளைக்காரர் முதுகில் பை போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைகளில் நடந்தால் அதற்குப் பெயர் சுற்றுலா. நாங்கள் நடந்தால், "என்ன பிள்ளையள், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனாலேயே போன மார்கழியில் நானும் என் சிநேகிதியும் வல்வெட்டித்துறையிலிருந்து எங்கள் ஊரான சுன்னாகம் வரை நடந்தே வருவது என்று முடிவெடுத்தோம். இரண்டு பகல், இடையில் ஓர் இரவு. எங்கள் இரண்டு பேருக்கும் நாற்பத்தொரு வயது. யாரிடமும் கேட்கவில்லை, அறிவித்தோம்.

என் மனுசன் இடியப்ப மா எந்தப் பேணியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சிக்கல் அவளுடைய வீட்டில்தான். அவள் கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் அவளுக்கென்று சீதனமாக எழுதிவைத்த வீட்டில், கட்டாத கலியாணத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு, தமையன் குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில். ஆனால் தமையனின் பிள்ளைகள் வளர வளர அவளுடைய கட்டில் ஒவ்வோர் அறையாகப் பின்னுக்குப் போய், இப்போது வெங்காயப் பிடிகள் தொங்கும் அறைக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளோ, "விடடி, அண்ணை பாவம், பிள்ளை குட்டிக்காரர்" என்பாள். பாவமாம்!

புறப்பட்ட காலையில் தமையன் படலையில் நின்று சொல்லியிருக்கிறார்: "இரவு வெளியிலை தங்கினியெண்டால் இந்தப் படி ஏறாதை." பஸ் தரிப்பிடத்தில் அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். முதுகில் என் மகனின் பள்ளிக்கூடப் பை.

"திரும்பிப் போறியோ?" என்று கேட்டேன்.

"வெளிக்கிட்டு வந்திட்டன்தானே."

அந்தப் பதிலுக்காகவே அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பஸ் வந்துவிட்டது.

வல்வெட்டித்துறையில் இறங்கியதும் வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. வள்ளங்களைக் கரையில் மேலே இழுத்து வைத்திருந்தார்கள். கடல் சாம்பல் நிறமாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய தடித்த குளிர்ச்சட்டையை நான் பெருமையாகப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அரை மணித்தியாலத்தில் வியர்த்துக் கொட்ட, கழற்றி இடுப்பில் கட்டினேன். அவள் சிரித்த சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கடலோரமாக மேற்கே நடந்தோம். ஒரு சந்தியில் மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"பஸ்ஸைத் தவறவிட்டிட்டியளோ பிள்ளையள்?"

"இல்லை ஐயா, சும்மா நடக்கிறம். சுன்னாகத்துக்கு."

"சுன்னாகத்துக்கோ! ஏன், ஆரும் செத்தவீடோ?"

"ஓம் ஐயா. கேள்வி கேட்டுக் கேட்டே ஒராள் செத்துப்போனார்."

அவள் என் கையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது. ஆனால் பெரியவர் போனபிறகு அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் குந்தியிருந்து, கட்டிக்கொண்டு போன பிட்டையும் சம்பலையும் சாப்பிட்டோம். மழைத் தண்ணீர் நீரேரியில் விளிம்பு வரை நிற்க, எங்கிருந்தோ வந்த பறவைகள் கூட்டமாக இறங்கியிருந்தன. அவள் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறந்ததிலை இருந்து இஞ்சைதான் இருக்கிறன். ஒருநாளும் இறங்கிப் பாக்கேல்லையடி. பஸ் யன்னலாலை பாத்ததுதான்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் சம்பலோடு சேர்த்து விழுங்கிவிட்டு எழும்பினேன்.

பின்னேரம் நாலு மணிக்கு அச்சுவேலிக்குக் கிட்ட ஒரு விடுதியைப் பிடித்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி, சப்பாத்தெல்லாம் சேறு. மேசையில் இருந்த இளைஞர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து அவர்களுக்கு அறைக் கதவின் திறப்பைக் கொடுத்தார். எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போனதோ தெரியாது.

"உள்ளூர் ஆக்களுக்கு அறை குடுக்கிறேல்லை அக்கா."

"ஏன், நாங்கள் கட்டிலைத் தின்னுவமோ?"

"அப்பிடியில்லை. பிறகு வீட்டுக்காரர் தேடி வந்து சண்டை பிடிப்பினம். வீட்டிலை பெரியாள் ஆரும் ஃபோனிலை சொல்லட்டும், தாறன்."

"தம்பி, எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. இன்னும் எத்தினை வயசிலை நான் பெரியாள்?"

நான் இப்படி மேசையில் கையை ஊன்றிச் சண்டைக்கு ஆயத்தமாக, பக்கத்தில் அவள் மெல்லிய குரலில் ஒரு ஃபோன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வங்கியிலும் ஆசுபத்திரியிலும் யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன இலக்கம். தமையனுடையது.

"விசரி, என்னடி செய்தனி!"

அதற்குள் இளைஞர் அழைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஃபோனை மேசையில் வைத்துவிட்டார். தமையனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அவளுக்கு அறை குடுக்காதையுங்கோ. உடனை ஒரு ஓட்டோவிலை ஏத்தி விடுங்கோ. பொழுதுபட முந்தி வரேல்லையெண்டால் நான் வீட்டைப் பூட்டிப்போடுவன். பிறகு எங்கையெண்டாலும் கிடக்கட்டும்."

படியேறிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கூட நின்றுவிட்டார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல கிழியாகக் கொடுப்போம் என்று நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அண்ணை, நான்தான் கதைக்கிறன். பூட்டுங்கோ. ஆனா அது என்ரை வீடு, உறுதி என்ரை பேரிலை கிடக்கு. பூட்டுறதெண்டால் நீங்கள் எல்லாரும் வெளியிலை நிண்டு பூட்டுங்கோ. நான் நாளைக்கு மத்தியானம் வருவன். வரேக்கை என்ரை கட்டில் முன்னறையிலை இருக்கோணும்."

மறுமொழிக்குக் காத்திருக்காமல் அவளே அழைப்பைத் துண்டித்தாள்.

இளைஞர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"வீட்டிலை பெரியாள் கதைச்சாச்சு தம்பி. திறப்பைத் தாங்கோ."